பூஜையில் வைத்த நோட்டு

என் அப்பாவை அறைந்தவருடைய சாயப்பட்டறைக்கே நான் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கப் போனேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். எனக்குத் தெரியாமல் ஒன்றும் போகவில்லை, தெரிந்துதான் போனேன்.

அப்பா பெயர் மூக்கையா. அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். திருப்பூரில் கந்தவேல் முதலாளியின் பட்டறையில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பிளாண்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2002 டிசம்பரில் ஒரு மதியம் சாயத்தண்ணீர் சுத்திகரிக்காமலே ஓடையில் போய்விட்டது. ஓடையோரத்துக் கிணற்றுக்காரர்கள் திரண்டு வந்துவிட்டார்கள், பின்னாலேயே அதிகாரிகளும் வந்தார்கள். முதலாளி அத்தனை பேர் முன்னாலும் அப்பாவை ஓங்கி ஓர் அறை விட்டார். "இவந்தானுங்க. எங்களை ஒரு வார்த்தை கேக்காம வால்வைத் தொறந்து உட்டுட்டான்" என்றார். "ஆபரேட்டர் மூக்கையாவின் கவனக்குறைவு" என்று ஃபைலில் ஒரு வரி எழுதப்பட்டது. பட்டறை தப்பித்துக்கொண்டது.

அப்பா அன்றிலிருந்து சொன்னது ஒன்றே ஒன்றுதான். "டேங்க் ரொம்பிப் போச்சு. முதலாளிதான் இன்டர்காம்ல தொறக்கச் சொன்னாக. நேரத்தோட நோட்டுல எழுதியிருக்கேன்."

நோட்டு எங்கே என்று அதிகாரிகள் கேட்டார்கள். வேறு யாரோ எழுதிய ஒரு புது நோட்டு வந்தது. அதில் அந்த மதியம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்பா சொல்லும் நோட்டு பட்டறையில் கிடையவே கிடையாது என்றார் முதலாளி.

அதற்குப் பிறகு அப்பாவை எந்தச் சாயப்பட்டறையும் உள்ளே விடவில்லை. ஊரே 'வால்வு மூக்கையா' என்று கூப்பிட்டது. கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழித்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. என் அம்மா செல்லத்தாய் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக் குடும்பத்தை ஓட்டினாள். ஒரு நாள் சண்டையில் அவள் கேட்டுவிட்டாள்: "நெசமாவே எழுதுனீகளா, இல்ல எழுதுனதா நெனப்பா?" அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அப்போது பத்தாவது. எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, 2008இல் வெள்ளியங்கிரி சார் ஆபீசில் சேர்ந்தேன். அவர் கன்சல்டன்ட். கம்பெனிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழ் வாங்க ஃபைல் தயாரித்துக் கொடுப்பார். சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் தொழில் நடத்த எங்களிடம் முறையான ஏற்பாடு இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டும் சான்றிதழ் அது. வெள்ளியங்கிரி சாரின் ஏற்பாடு இன்னும் எளிது. ஒரே மேனுவல்தான், கம்பெனி பெயரை மட்டும் மாற்றுவார். ஒரு சாயப்பட்டறையின் மேனுவலில் 'தேயிலை உலர்த்தும் பகுதி' என்று ஒரு பக்கம் இருந்தது. குன்னூரில் எங்கோ செய்த மேனுவலாம். மூன்று வருஷமாக அதை யாரும் படிக்கவில்லை, அதனால் யாரும் கேட்கவுமில்லை.

நான் மட்டும் எல்லாவற்றையும் படித்தேன். இந்தத் தொழிலில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பேப்பரில் எதை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களோ, அதை ஆடிட்டர் வந்து செய்து காட்டச் சொல்வார். பொய்யை எழுதினாலும் சரி, செய்து காட்டித்தான் ஆக வேண்டும்.

செப்டம்பரில் வெள்ளியங்கிரி சார் ஒரு புது ஃபைலை என் மேஜையில் போட்டார். மேலே கந்தவேல் முதலாளியின் பட்டறைப் பெயர் இருந்தது. துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் சான்றிதழ் கேட்கிறார்களாம். பிப்ரவரிக்குள் கையில் இல்லையென்றால் எக்ஸ்போர்ட்டர்கள் துணியை வேறு பட்டறைக்குத் திருப்பிவிடுவார்களாம். "நீ போறியா அம்மிணி?" என்றார். போகிறேன் என்றேன்.

முதலாளிக்கு என்னைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர் பார்த்தது என் அப்பாவின் கன்னத்தை மட்டும்தானே. "பேரென்ன கண்ணு?" என்று கேட்டார். எம். அனுசுயா என்றேன். அந்த எம் யார் என்று அவர் கேட்கவில்லை.

அவரிடம் இரண்டு பழக்கங்களைக் கவனித்தேன். ஒன்று, எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். இரண்டு, பஞ்சாங்கம் பார்க்காமல் பேனா மூடியைத் திறக்க மாட்டார். ராகுகாலம் போய், எமகண்டம் போய், மிச்சமிருக்கிற நேரத்தில்தான் கையெழுத்து விழும். அஷ்டமி, நவமி என்றால் டெலிவரி சலானுக்குக்கூட மறுநாள்தான். ஓடையில் விஷத்தைத் திறந்துவிட மட்டும் எந்தத் திதியும் குறுக்கே நிற்கவில்லை.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. பட்டறையை ஒட்டடை அடித்து, மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஓட்டத்தில் இருக்கும் நோட்டுகளையும் வரிசையாக அடுக்கி, முதல் பக்கத்தில் முதலாளியே பிள்ளையார் சுழி போட்டுக் கையெழுத்திட்டு, அட்டையின் நாலு மூலையிலும் பொட்டு வைத்தார்.

"போன வருச நோட்டெல்லாம் என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டேன். ஃபைல் வேலைக்காகத்தான் கேட்டேன்.

"பூஜையில வெச்சதைக் கிழிக்கலாமா கண்ணு? எரிக்கலாமா? பழைய பேப்பர்காரனுக்குப் போட்டா லட்சுமி ஊட்டுல நிப்பாளா? எல்லாம் சாமி ரூம் பரண்ல இருக்குது. நெறைய நாளாச்சு, தூசி தட்டி ஒரு லிஸ்ட் போட்டு வெச்சுரு."

சாமி அறையில் ஏணி போட்டு ஏறினேன். இரண்டு தகரப் பெட்டிகள். மஞ்சள் துணியில் வருஷவாரியாகக் கட்டி வைத்திருந்தார்கள். 2002 மூட்டையை அவிழ்த்தேன். பச்சை அட்டை நோட்டு. நாலு மூலையிலும் காய்ந்த சந்தனம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே கந்தவேல் கையெழுத்து. உள்ளே பக்கம் பக்கமாக அப்பாவின் எழுத்து, மளிகை லிஸ்ட் எழுதும் அதே குண்டு எழுத்து. டிசம்பரைத் தேடிப் புரட்டினேன்.

"மதியம் 2.10. டேங்க் நிரம்பிவிட்டது. மிஷினை நிறுத்தலாமா என்று கேட்டேன். லோடு போக வேண்டும், நிறுத்தாதே, பைபாஸ் வால்வைத் திற என்று முதலாளி இன்டர்காமில் சொன்னார். 2.15. வால்வு திறக்கப்பட்டது. மூக்கையா."

ஏணி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அப்பாவைச் சந்தேகப்பட்டதற்காக அழுதேன். அழுது முடித்ததும் வந்தது பாருங்கள் ஒரு கோபம், அப்படி ஒரு கோபம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. அந்த ஆள் இந்த நோட்டைத் தேடி எடுத்திருக்கிறார், படித்திருக்கிறார், ஒளித்திருக்கிறார், ஒளித்ததை மறந்தும் போயிருக்கிறார். ஆனால் எரிக்கக் கை வரவில்லை. ஒரு மனுஷனை எரிக்க வந்த கை, பொட்டு வைத்த நோட்டை எரிக்க வரவில்லை.

அன்று சாயங்காலம் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "நேரம் சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அவ்வளவுதான். ஆறு வருஷத்துக்கு அவ்வளவுதான் பேச்சு.

"கொண்டுபோய் யார்கிட்டயும் நீட்டாத" என்று மட்டும் பிறகு அப்பா சொன்னார். "அவுக கையாலயே வெளிய வரட்டும்."

வந்தது. பட்டறையில் இருக்கும் ஆவணங்களின் பட்டியல் ஒன்று இந்தச் சான்றிதழுக்குக் கட்டாயம் வேண்டும். பழைய நோட்டுகளையும் அதில் சேர்த்தேன். முப்பத்தோராவது வரிசையில், 'சுத்திகரிப்பு ஷிஃப்ட் நோட்டு, 2002' என்று சுத்தமாக டைப் செய்தேன். நல்ல நேரம் பார்த்து முதலாளி கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை.

நவம்பர் இருபதாம் தேதி கோயம்புத்தூரிலிருந்து ஆடிட்டர் சாரதாமணி மேடம் வந்தார். வயது ஐம்பதிருக்கும். வடையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக ஃபைலைக் கேட்டார். சட்டப்படி வந்த நோட்டீஸ்கள் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"2002இல் ஒரு நோட்டீஸ் வந்திருக்குதுங்களே. என்ன காரணம்?"

"ஆபரேட்டரோட கவனக்குறைவுங்க மேடம்" என்றார் முதலாளி. "அன்னைக்கே ஆளை நிறுத்தியாச்சுங்க."

"கவனக்குறைவுன்னு எதை வெச்சு முடிவு பண்ணுனீங்க? அன்னைக்கு ஷிஃப்ட் நோட்டு லிஸ்டில முப்பத்தொண்ணாவதா இருக்குது. எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

முதலாளி லிஸ்டை அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தார். நான் அதற்குள் எழுந்துவிட்டேன். மஞ்சள் துணியோடு கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை எத்தனை பூஜை போட்டாலும் மாற்ற முடியாது.

மேடம் நிதானமாக அந்தப் பக்கத்தைப் படித்தார். "இது..." என்று நிமிர்ந்தார்.

"அது நம்ம நோட்டே இல்லீங்க மேடம். எவனோ வேணும்னு எழுதி வெச்சிருக்கறானுங்க" என்றார் முதலாளி.

கன்சல்டன்ட் ஆட்கள் ஆடிட்டில் வாய் திறக்கக் கூடாது. வெள்ளியங்கிரி சார் என் காலை மிதித்தார். நான் திறந்தேன். "சார், முதல் பக்கத்தில உங்க பிள்ளையார் சுழி இருக்குதுங்க. பூஜையில வெச்ச பொட்டு இருக்குதுங்க. அந்தப் பொட்டு மேல கைய வெச்சு, இது எங்க நோட்டு இல்லைன்னு ஒருக்காச் சொல்லிருங்க. மேடம் எழுதிக்குவாங்க."

அவர் கையைத் தூக்கினார். சந்தனத்துக்கு அரையடி மேலே வரை கை வந்தது. அங்கேயே நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி மடியில் போய் விழுந்தது. சாரதாமணி மேடம் பேனாவை எடுத்து, பெரிய குறைபாடு என்று படிவத்தில் எழுதினார். உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்து, ஆதாரத்தோடு அனுப்பத் தொண்ணூறு நாள் அவகாசம். பிப்ரவரி பதினெட்டு கடைசி. தவறினால் ஆடிட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குப் பல மாதம் ஆகும்.

என்னைத் துரத்தச் சொல்லி முதலாளி குதித்தார். வெள்ளியங்கிரி சார் கையைப் பிசைந்தார். "எந்த ஃபைல் எங்கே இருக்குதுன்னு அந்தப் புள்ளைக்குத்தாங்க தெரியும்" என்றார். உண்மைதான். அவருக்குத் தேயிலை உலர்த்தத்தான் தெரியும்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் வாய் இனிக்கிறது. படிவத்தில் 'மூல காரணம்' என்று ஒரு கட்டம். முதலாளி சொல்வார், நான் டைப் செய்து அனுப்புவேன். முதலில் 'ஆபரேட்டருக்குப் பயிற்சி போதவில்லை' என்றார். மேடத்திடமிருந்து ஏற்கவில்லை என்று திரும்பியது. அடுத்து இன்டர்காம் கோளாறு. திரும்பியது. 2008இல் எங்கே பார்த்தாலும் கரண்ட் கட், அதனால் அடுத்தது மின்வெட்டு. 2002இல் அந்த நேரம் மிஷின் ஓடியதாக நோட்டில் இருக்கிறதே என்று திரும்பியது. ஒவ்வொரு தடவையும் அது திரும்பும் என்று எனக்குத் தெரியும். நான் திருத்தவில்லை. சொன்னதை ஒரு புள்ளி மாற்றாமல் டைப் செய்தேன். நடுவில் பொங்கல் வந்தது, ஊரே பஸ் ஏறியது, பத்து நாள் போனது.

ஜனவரி கடைசியில் அவரே ஒரு வெள்ளைத் தாளை இழுத்து எழுதினார். 'மூல காரணம்: உற்பத்தியை நிறுத்தாமல் வால்வைத் திறக்குமாறு நிர்வாகம் உத்தரவிட்டது. ஆபரேட்டர் மீது தவறு இல்லை.' எழுதி முடித்துப் பேனாவைத் தூக்கி எறிந்தார். போய் எடுத்து, மூடியைப் போட்டு, அவர் பையிலேயே சொருகிவிட்டு வந்தேன்.

அதன் கீழே 'சரிசெய்யும் நடவடிக்கை' என்று இன்னொரு கட்டம். அதை நான் எழுதினேன். 'தவறாகக் குற்றம் சாட்டப்பட்ட பணியாளரிடம் நிர்வாகத் தலைவர் நேரில் சென்று, எழுத்து மூலம் தெரிவித்து, தேதியுடன் அவர் கையொப்பம் பெறுவார்.' முதலாளி வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு பட்டும் மனுஷன் படிக்கவில்லை. மேடம் ஏற்றுக்கொண்டார். இனி எழுதியதைச் செய்து காட்ட வேண்டும்.

முதலில் மேனேஜரை அனுப்பிப் பார்த்தார். சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து அப்பா அவனிடம், "நேர்லன்னுல்ல எழுதியிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எண்பத்தாறாவது நாள், சனிக்கிழமை காலை, எங்கள் சந்துக்குள் கார் நுழைய முடியாமல் முனையிலேயே நிற்க, வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டித் தாண்டி வந்தார் கந்தவேல் முதலாளி. கதவைத் திறந்தவள் நான்.

"நீயா?" என்றார். என்னைப் பார்த்தார், உள்ளே உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"எம். அனுசுயாங்க. உள்ள வாங்க."

அப்பா எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. முதலாளி உட்காரவில்லை. ஆபரேட்டர் மீது தவறு இல்லை என்று டைப் செய்த பேப்பரை நீட்டினார். "மூக்கையா, நடந்தது நடந்து போச்சு. இதில ஒரு கையெழுத்துப் போட்டுரு சாமி."

அப்பா வாங்கிக்கொண்டார். படித்தார். சுவரில் முருகன் படம், கீழே சின்னப் பலகையில் சந்தனக் கிண்ணம். கையை நனைத்து அந்தத் தாளின் நாலு மூலையிலும் பொட்டு வைத்தார். குங்குமமும் வைத்து, படத்துக்குக் கீழே சாத்தி வைத்தார்.

"இனி நீங்களும் கிழிக்க முடியாது, நானும் கிழிக்க முடியாது முதலாளி. நல்லாப் படிச்சுப் பாத்துப் போடுதேன். போய்ட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். அப்பா வீட்டில் இல்லை. திங்கட்கிழமை வந்தார். கண்ணாடிக் கம்பி உடைந்து போனதாகவும் சரிபண்ணக் கொடுத்திருப்பதாகவும் அப்பா சொன்னார். கண்ணாடி அவர் தலையணைக்கடியில் இருந்ததை நான் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அந்த ஆளை எழுதவைத்ததோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். அப்பா இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்து நின்றார். அப்பா மிகுந்த மரியாதையோடு, "இன்னைக்கு அஷ்டமி முதலாளி" என்றார்.

புதன்கிழமை பதினெட்டாம் தேதி. தொண்ணூறாவது நாள். முதலாளி முகத்தில் சவரம் இல்லை. கூட ஆள் யாரும் இல்லை.

"மூக்கையா, இன்னைக்கு வுட்டா எல்லாம் போச்சு. உங்காலுல வேணாலும் உழுந்தர்றன். போட்டுரு."

அப்பா காலண்டரைக் காட்டினார். "இன்னைக்கு நவமியில்லா. இம்புட்டு நல்ல காரியத்த நவமியில செய்யலாமா? நீங்க எனக்குப் பழக்கிவிட்டதுதான முதலாளி. அஷ்டமி நவமியில லீவு லெட்டர்ல கூடக் கையெழுத்துப் போட மாட்டீக. நாளைக்குத் தசமி. காலைல ஒம்பது மணிக்கு மேல வாங்க, போட்டுத் தாரேன்."

முதலாளி காலண்டரைப் பார்த்தார். நாளும் திதியும் பொய் என்று அவர் எப்படிச் சொல்வார்? சொன்னால் பரணிலிருக்கும் இருபது வருஷ நோட்டுகளும் பொய்யாகிவிடும். அன்று சந்தில் நடந்து போன அவரை வாசலில் நின்று கண்ணிலிருந்து மறையும் வரைக்கும் பார்த்தேன். எனக்குப் பாவமாக இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

மறுநாள் வியாழக்கிழமை. அவர் வந்தபோது அப்பா குளித்து, திருநீறு பூசி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். பேப்பரை எடுத்துத் தரையில் வைத்து, தன் குண்டு எழுத்தில் மூக்கையா என்று கையெழுத்துப் போட்டார். கீழே தேதி எழுதப் பேனாவைக் கொண்டுபோனார்.

முதலாளி சட்டென்று குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அறைந்த அதே கை. "பதினெட்டுன்னு போடு சாமி. ஒரு நாள்தான். நேத்துத் தேதி போட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

அப்பா அந்தக் கையை மெதுவாக எடுத்து அப்புறம் வைத்தார்.

"நடக்காத நேரத்த நான் நோட்டுல எழுதுறதில்ல முதலாளி" என்றார்.

பிறகு, சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். 19.2.2009. காலை 9.20.